தேங்காய் மண்டியின் மாடியில் ஒரு பிசியோதெரபி நிலையம்

சென்ற ஐப்பசியில் என் வீட்டுக்காரருக்கு இடது தோள் இறுகிப்போனது. முதலில் கொடியில் துண்டைப் போட முடியவில்லை. பிறகு வேட்டியைப் பின்பக்கம் சுற்றிக் கொண்டுவந்து செருக முடியவில்லை. கார்த்திகை பிறந்தபோது அந்தப் பக்கம் ஒருக்களித்துப் படுக்கவே முடியவில்லை. நடுநிசியில் எழுந்துபோய்த் திண்ணையில் உட்கார்ந்திருப்பார். இருபது ஆண்டாகச் சர்க்கரை நோய் உள்ளவர். சர்க்கரை உள்ளவர்களுக்குத் தோள் இப்படி இறுகுவது மற்றவர்களைவிட அதிகம் என்று எலும்பு மருத்துவர் சொன்னார். படம் எடுத்துப் பார்த்து, முறிவு எதுவும் இல்லை என்றார். "இனி வேலையெல்லாம் பிசியோதெரபியில்தான்" என்று சீட்டு எழுதிக் கொடுத்தார். யாரிடம் போவது என்று அந்தச் சீட்டில் இல்லை.

நாங்கள் இருப்பது பாலக்காடு மாவட்டம் சித்தூர் தாலுக்காவில், கொழிஞ்சாம்பாறைக்குப் பக்கம். கோபாலபுரம் செக்போஸ்ட்டைத் தாண்டினால் பொள்ளாச்சிச் சாலை. வேலந்தாவளம் வழியாகப் போனால் கோயம்புத்தூர். வீட்டில் தமிழ், சந்தையில் தமிழ், அலுவலகத்தில் மலையாளம். நான் இந்தத் தாலுக்காவில் தமிழ்வழிப் பள்ளிகளில் முப்பத்தோரு ஆண்டு பாடம் நடத்தி ஓய்வு பெற்றவள். எனக்கு மலையாளம் எழுதப் படிக்கத் தெரியும்; என் வீட்டுக்காரருக்குப் பேச மட்டும் தெரியும். இதை இங்கேயே சொல்லிவைக்கிறேன், பின்னால் வேண்டியிருக்கும்.

முதலில் போன இடத்தின் பெயரையும் ஊரையும் எழுதப் போவதில்லை. பெயருக்கு முன்னால் 'டாக்டர்' என்று போட்ட பலகை, கண்ணாடிக் கதவு, உள்ளே குளிர்சாதனம். பத்து நாளுக்கென்று 4,500 ரூபாயை முன்பணமாக வாங்கிக்கொண்டார்கள். ரசீது கேட்டதற்கு, முடிகிற அன்று மொத்தமாகத் தருகிறோம் என்றார்கள். சர்க்கரை உண்டா என்று ஒருவரும் கேட்கவில்லை. மூன்றாம் நாள் ஒரு பையன் வெந்நீர்த் தொட்டியிலிருந்து எடுத்த ஒத்தடப் பையை ஒற்றைத் துணியில் மடித்துத் தோளில் வைத்துவிட்டு, கைப்பேசியோடு வெளியே போய்விட்டான். இவருக்குச் சூடு உறைக்கவில்லை. வீட்டுக்கு வந்து சட்டையைக் கழற்றியபோது தோளுக்குப் பின்னால் ஒரு ரூபாய் நாணயத்தின் அளவில் இரண்டு கொப்புளங்கள்.

மறுநாள் நான் மட்டும் போனேன். என்ன படித்திருக்கிறீர்கள், எங்கே பதிவு செய்திருக்கிறீர்கள் என்று கேட்டேன். சுவரில் கண்ணாடிச் சட்டத்துக்குள் மாட்டியிருந்த ஒரு தாளைக் காட்டினார். முப்பது ஆண்டாகப் பிள்ளைகளின் சான்றிதழ்களைச் சரிபார்த்துப் பழகியவள் நான். நின்று முழுவதையும் படித்தேன். இரண்டு நாள் பயிலரங்கு ஒன்றில் கலந்துகொண்டதற்கான தாள் அது. அந்த ஊர் உள்ளாட்சி அலுவலகத்தில் போய் விசாரித்தேன். கடை நடத்த உரிமம் தருவதுதான் தங்கள் வேலை, உள்ளே நடக்கும் வைத்தியம் தங்கள் பொறுப்பில் வராது என்று பொறுமையாகத்தான் சொன்னார்கள். பின் யார் பொறுப்பு என்று கேட்டேன். பதில் இல்லை. கொப்புளம் ஆறப் பதினெட்டு நாள் ஆயிற்று. சர்க்கரை உள்ளவருக்குப் புண் வந்தால் வீட்டில் இருப்பவர்களுக்கு எப்படித் தூக்கம் வரும்? தினமும் காலையில் அந்த இடத்தைப் பார்த்துவிட்டுத்தான் காபிக்குப் பால் வைப்பேன்.

இனி, சொல்ல வந்த இடம். பெயர் போட வேண்டாம் என்று அதை நடத்தும் பெண்ணே கேட்டுக்கொண்டார்: "விளம்பரம் மாதிரி ஆகிவிடும் டீச்சர்." அதனால் அடையாளம் மட்டும் சொல்கிறேன். கீழே தேங்காய் மண்டி. மேலே மாடியில் இது. படி ஏறும்போதே கொப்பரை வாசனை வரும். மண்டி மாடி என்று கேட்டால் எங்கள் பக்கம் கை காட்டுவார்கள்.

முதல் நாள் நான் உட்காரவில்லை. நேராகச் சுவரைப் போய்ப் பார்த்தேன். சூடுபட்டவள் அல்லவா. கண் மட்டத்தில் நான்கு தாள்கள் இருந்தன. ஒன்று, பல்கலைக்கழகப் பட்டம்: பிசியோதெரபி இளங்கலை, நான்கரை ஆண்டுப் படிப்பு. இரண்டாவது, தொழில்முறைச் சங்கத்தின் உறுப்பினர் சான்று. நான் அதையே உற்றுப் பார்ப்பதைக் கண்டு அவராகவே எழுந்து வந்து, "இது சங்க உறுப்பினர் எண்தான் டீச்சர், அரசாங்கப் பதிவு என்று நினைத்துவிடாதீர்கள்" என்றார். கேட்காமலேயே ஒருவர் இப்படிச் சொன்னது அத்தனை நாளில் எனக்குக் கிடைத்த முதல் ஆறுதல். மூன்றாவது, கட்டணப் பட்டியல். நான்காவதை நான் இதுவரை எந்த மருத்துவமனையிலும் பார்த்ததில்லை. 'இங்கே செய்யாதவை' என்று மலையாளத்தில் தலைப்பு. கீழே மூன்று வரி. மாத்திரை எழுதித் தருவதில்லை. ஊசி போடுவதில்லை. முறிந்த எலும்பைச் சேர்த்துக் கட்டுவதில்லை.

அன்று ஐம்பது நிமிடம் எடுத்துக்கொண்டார். பாதி நேரம் கேள்விகள்தான். சர்க்கரை எத்தனை ஆண்டாக, கடைசியாகப் பார்த்த அளவு என்ன, இரவில் வலி எந்த நேரத்தில் எழுப்புகிறது, வேறு என்ன மருந்து. பிறகு இரண்டு சிறிய கண்ணாடிக் குழாய்களைக் கொண்டுவந்தார், ஆய்வுக்கூடத்தில் இருக்குமே அவை. ஒன்றில் வெந்நீர், ஒன்றில் குளிர்ந்த நீர். இவரைக் கண்ணை மூடச் சொல்லி, ஒவ்வொன்றாகத் தோளின் மேல் வைத்து, சூடா குளிரா என்று கேட்டார். முன்பக்கம் எல்லாம் சரியாகச் சொன்னார். பின்பக்கம், பழைய கொப்புளத்தழும்பைச் சுற்றி, வெந்நீர்க் குழாயை வைத்தபோது "குளிர்" என்றார். மறுபடி வைத்தார். மறுபடியும் "குளிர்". அந்தப் பெண் குழாயை எடுத்துவிட்டு நோட்டில் சிவப்பு மையில் எழுதி, எங்களிடம் திருப்பிக் காட்டினார்: வெப்பச் சிகிச்சை கூடாது. எனக்குக் கண் கலங்கிவிட்டது. இரண்டு நிமிடச் சோதனை. அதைச் செய்யத் தெரியாத ஒருவரிடம்தான் நாங்கள் முதலில் தோளைக் கொடுத்திருக்கிறோம்.

அடுத்து கோணம் அளக்கும் கருவி. பள்ளிக் கணக்குப் பெட்டியில் இருக்கும் பாகைமானிக்கு இரண்டு கை முளைத்ததைப் போல இருக்கும். கையை முன்னால் தூக்கச் சொல்லி அளந்தார்: 80 பாகை. பக்கவாட்டில் 65. முதுகுக்குப் பின்னால் கட்டைவிரல் எதுவரை எட்டுகிறது என்று பார்த்தார், பின்னிடுப்போடு நின்றுவிட்டது. ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் இதே அளவுகளை எடுத்து, தேதி போட்டு, எங்கள் நோட்டில் எழுதிக் கையெழுத்திட்டார். வாத்தியார் வேலை பார்த்தவளுக்கு இதைவிட மதிப்பெண் போடத் தோன்றும் காரியம் வேறு என்ன இருக்கிறது? வலி குறைந்ததா என்று கேட்டால் நோயாளி எதிரே இருப்பவரின் முகத்துக்காகத் தலையாட்டிவிடுவார். பாகைமானி தலையாட்டாது.

பயிற்சிகள் எளிமையானவை. மேஜையில் நல்ல கையை ஊன்றிக் குனிந்து, நோயுள்ள கையை ஊஞ்சல்போல ஆடவிடுவது. சுவரில் பொருத்திய மரப் படிக்கட்டில் விரல்களால் ஏறுவது. கதவுக்கு மேலே மாட்டிய கப்பிக்கயிற்றை நல்ல கையால் இழுத்து மற்றதைத் தூக்குவது. கிணற்றுக் கப்பியில் நாற்பது ஆண்டு நீர் இறைத்தவருக்கு அந்தக் கயிறு பிடித்துப்போயிற்று. வீட்டிலும் மாட்டுத்தொழுவத்தின் உத்திரத்தில் ஒரு கப்பியைக் கட்டிவிட்டார்.

மெஷின் சிகிச்சைக்குப் பட்டியலில் 350 ரூபாய், பயிற்சிக்கு மட்டும் 250. இந்தத் தோளுக்கு மெஷின் வேண்டியதில்லை என்று முதல் நாளே சொல்லிவிட்டார். முன்பணம் கிடையாது, வருகிற அன்று அன்றைக்கு உரியதைக் கொடுத்தால் போதும். முதல் நாள் மதிப்பீடு 400, அதன்பின் இருபத்தாறு நாள், ஆகமொத்தம் 6,900 ரூபாய். இருபத்தேழு ரசீதுகளும் என்னிடம் இருக்கின்றன. மாசி நடுவில் கடைசியாக அளந்தபோது முன்னால் 135 பாகை, பக்கவாட்டில் 110. வேட்டியை அவரே செருகிக்கொள்கிறார். இன்னும் முழுதாக வரவில்லை. மிச்சம் மெல்லத்தான் வரும் என்று சொல்லியிருக்கிறார்கள்.

அங்கே உட்கார்ந்திருந்த நாட்களில்தான் அந்தப் பெரியவரைச் சந்தித்தேன். எல்லைக்கு அந்தப் பக்கம், தமிழ்நாட்டில், பல ஆண்டுகளுக்கு முன் ஒரு முறை சட்டமன்ற உறுப்பினராக இருந்தவர். கட்சியும் தொகுதியும் வேண்டாமே என்றார், விட்டுவிடுகிறேன். முழங்கால் மாற்று அறுவை சிகிச்சை கோயம்புத்தூரில் நடந்தது. மகள் வீடு எங்கள் பக்கம் என்பதால் இங்கே வந்து தங்கியிருக்கிறார். கணுக்காலில் மணல் பையைக் கட்டிக்கொண்டு, காலை நீட்டி மடக்கியபடியே பேசுவார். என்னை "டீச்சர்" என்றும் அந்தப் பெண்ணை "அம்மிணி" என்றும் கூப்பிடுவார். மண்டியில் இருப்பவர்களுக்கு அவர் எம்.எல்.ஏ. ஐயா.

எங்கள் கொப்புளக் கதையைக் கேட்டு அவர் ஆச்சரியப்படவில்லை. வருத்தப்பட்டார். "டீச்சர், எங்கள் பக்கம் தனியார் மருத்துவ நிலையங்களை ஒழுங்குபடுத்த 1997-லேயே சட்டம் போட்டோம். அதற்கு விதிகள் எப்போது வந்தன தெரியுமா? 2018-ல். இருபத்தோரு ஆண்டு. சட்டம் நிறைவேறிய அன்று பிறந்த குழந்தை ஓட்டுப் போட்டுவிட்டு வந்திருக்கும்" என்றார். மேஜை தட்டி வரவேற்ற மசோதாவுக்கு விதி எழுதப்பட்டதா என்று திரும்பிப் பார்ப்பவர்தான் உண்மையான உறுப்பினர். தானே அப்படிப் பார்க்கவில்லை என்பதை இந்த வயதில் நினைத்தால் உறுத்துகிறது என்றும் சொன்னார். அரசியலில் இருந்த ஒருவர் இதை வாய்விட்டுச் சொன்னது எனக்கு மரியாதையாக இருந்தது.

பிசியோதெரபி போன்ற தொழில்களுக்கு நாடு முழுவதற்குமான சட்டம் 2021 மார்ச்சில்தான் நாடாளுமன்றத்தில் நிறைவேறியது. ரத்தப் பரிசோதனை செய்பவர்கள், எக்ஸ்ரே எடுப்பவர்கள், கண் பரிசோதகர்கள், உணவு ஆலோசகர்கள் என்று பத்து வகைகளாகப் பிரித்து ஐம்பதுக்கும் மேற்பட்ட தொழில்களை அது பதிவேட்டுக்குள் கொண்டுவருகிறது. ஆறு மாதத்தில் ஒவ்வொரு மாநிலமும் கவுன்சில் அமைக்க வேண்டும் என்பது சட்டத்தின் சொல். மூன்று ஆண்டு கழித்து, 2024 ஆகஸ்டில், சுப்ரீம் கோர்ட் தலையிட்டு மாநிலங்களுக்கு இரண்டு மாதம் கெடு விதிக்க வேண்டியிருந்தது. மருத்துவர்களுக்குச் சென்னை மாகாணத்தில் பதிவுச் சட்டம் வந்தது 1914-ல். நடுவில் நூறு ஆண்டுக்கு மேல் இடைவெளி. அந்த இடைவெளியில்தான் எங்களைப் போன்றவர்கள் யாரை நம்புவது என்று தெரியாமல் கண்ணாடிக் கதவையும் குளிர்சாதனத்தையும் நம்பிக்கொண்டிருந்தோம்.

பதிவேடு தொழில் செய்பவர்களின் வேலியாகிவிடக் கூடாது என்பது பெரியவரின் முக்கியமான கருத்து. மருத்துவர்களைக் கண்காணிக்க மருத்துவர்களையே உட்காரவைத்த பழைய இந்திய மருத்துவக் கவுன்சில் 2010-ல் ஒருமுறை கலைக்கப்பட்டு, மறுபடி வந்து, கடைசியில் 2020 செப்டம்பரில் தேசிய மருத்துவ ஆணையத்துக்கு இடம் விட்டுப் போனதை அவர் உதாரணம் காட்டினார். ஒவ்வொரு தொழில் சங்கமும் சட்டமன்ற உறுப்பினரைத் தேடி வரும். அடுத்த தொழில்காரர் தங்கள் வேலையைச் செய்யாமல் தடுக்கச் சொல்லும். ஆனால் தன் ஐந்து ஆண்டில் நோயாளிகள் சங்கம் என்று ஒன்று வந்து வாசலில் நின்றதில்லை என்றார். "வராதவனுக்காகத்தான் டீச்சர் உறுப்பினர் பேச வேண்டும்." இதை நான் வீட்டுக்கு வந்து நோட்டில் எழுதிவைத்துக்கொண்டேன்.

எனக்கு முத்துலட்சுமி ரெட்டி நினைவுக்கு வந்தார். பள்ளியில் ஆண்டுதோறும் பிள்ளைகளுக்கு அவரைப் பற்றிச் சொல்வேன். மருத்துவம் படித்தவர், சென்னை மாகாணச் சட்டசபைக்குள் போன முதல் பெண், 1927-ல் அதன் துணைத் தலைவர். உள்ளே போய் அவர் வாதாடியவற்றில் ஒன்று பள்ளிப் பிள்ளைகளுக்கு மருத்துவப் பரிசோதனை வேண்டும் என்பது. பிள்ளைகள் மனு எடுத்துக்கொண்டு வருவார்களா என்ன? பெரியவரிடம் சொன்னேன். மணல் பையைக் கீழே வைத்துவிட்டு, ஆமாம் ஆமாம் என்று வெகுநேரம் தலையாட்டினார்.

ஒரு விஷயத்தில் அவரோடு எனக்கு ஒப்புதல் இல்லை. மருத்துவர் போகாத ஊர்களில் செவிலியருக்கும் மருந்தாளுநருக்கும் கூடுதல் பயிற்சி கொடுத்து, சிறு நோய்களுக்கு மருந்து தரும் அனுமதியைக் கொடுத்துவிடலாம் என்பது அவர் எண்ணம். 2019-ம் ஆண்டின் தேசிய மருத்துவ ஆணையச் சட்டத்தில் 32-ம் பிரிவு இப்படி ஓர் அளவான உரிமத்துக்கு இடம் வைத்திருக்கிறது. அதை எதிர்த்து அந்த ஆண்டு ஜூலை கடைசியில் நாடு முழுவதும் மருத்துவர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். "ஊசி போடுகிறவன் ஊரில் இருக்கத்தான் போகிறான். அவனைப் போலீஸில் பிடித்துக் கொடுப்பதா, கற்றுக்கொடுத்து வரம்பு கட்டுவதா?" என்று கேட்டார். வரம்பு கட்டுவது சரிதான். ஆனால் அந்த வரம்பு நோயாளியின் கண்ணில் படுகிறதா? சட்டப் புத்தகத்தின் 32-ம் பிரிவில் இருப்பதால் திண்ணையில் உட்கார்ந்திருக்கும் பாட்டிக்கு என்ன தெரியும்? இந்த மாடிச் சுவரில் இருக்கும் நான்காவது தாளைக் காட்டி, முதலில் இதைக் கட்டாயமாக்கட்டும், பிறகு யாருக்கு வேண்டுமானாலும் உரிமம் கொடுக்கட்டும் என்றேன். கொஞ்ச நேரம் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அந்தத் தாள் வெறும் தாள் இல்லை என்பதை இரண்டு முறை கண்ணால் பார்த்தேன். ஒருநாள் எங்கள் தெருக்காரர் ஒருவர் வந்து, வலிக்கு ஒரு மாத்திரை சொல்லும்மா, மருந்துக்கடைக்காரன் கொடுத்துவிடுவான் என்று கெஞ்சினார். அந்தப் பெண் நாற்காலியில் உட்காரவைத்து, தண்ணீர் கொடுத்து, எழுதித் தர எனக்கு அதிகாரம் இல்லை அண்ணா என்று மூன்று தடவை பொறுமையாகச் சொல்லி அனுப்பிவைத்தார். இன்னொரு நாள், தேங்காய் உரிக்கும் வேலைக்குப் போகும் ஒரு பெண் முதுகுவலி என்று வந்தாள். மூன்று மாதமாக வலி, படுத்தாலும் குறைவதில்லை, சாயங்காலம் காய்ச்சல் மாதிரி, ரவிக்கை தொளதொளத்துவிட்டது. இவ்வளவையும் கேட்டறிந்த பிறகு முதுகில் கைவைக்கவே இல்லை, காசும் வாங்கவில்லை. ஒரு கடிதம் எழுதி அன்றே அரசு மருத்துவமனைக்கு அனுப்பினார். முதுகெலும்பில் காசநோய் என்று பிறகு தெரிந்தது. கண்ணாடிக் கதவு வைத்த அந்த முதல் இடத்துக்கு அவள் போயிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைக்கவே பயமாக இருக்கிறது.

மண்டி மாடியை நடத்தும் பெண் தன் பெயருக்கு முன்னால் 'டாக்டர்' போட்டுக்கொள்ளவில்லை. 2025-ல் வெளியான புதிய பாடத்திட்டம் பிசியோதெரபிஸ்டுகள் அந்தச் சொல்லைப் பயன்படுத்தலாம் என்றது. செப்டம்பரில் மத்திய சுகாதாரச் சேவைகள் இயக்ககம் கூடாது என்று ஒரு கடிதம் அனுப்பி, மறுநாளே அதை நிறுத்திவைத்தது. இதைப் பற்றிக் கேட்டபோது, "பெயருக்குப் பின்னால் இருக்கும் பட்டமே எனக்குப் போதும் டீச்சர்" என்று முடித்துவிட்டார். முன்னால் எது இருந்தாலும் பின்னால் என்ன படிப்பு என்பது பலகையில் படிக்கும் அளவில் இருக்க வேண்டும். என் கவலை அவ்வளவுதான்.

குறைகளைச் சொல்லாவிட்டால் நேர்மையாகாது. பெரிய குறை, படிகள். பத்தொன்பது படி, ஒரு பக்கம்தான் கைப்பிடி. முழங்கால் நோயாளிகள் வரும் இடத்தை மாடியில் வைத்தது சரியில்லை என்று நேரிலேயே சொன்னேன், வாடகையைச் சொன்னார். ஏறும்போது நல்ல கால் முன்னே, இறங்கும்போது அறுவை செய்த கால் முன்னே என்று பெரியவருக்கு அந்தப் படியிலேயே கற்றுக்கொடுத்தார் என்றாலும், படி படிதான். மின்சாரம் போனால் இன்வெர்ட்டரில் மின்விசிறிகள் மட்டும் ஓடும். வீட்டுக்கு வந்து சிகிச்சை செய்வதில்லை. பெரும்பாலான நாட்களில் அவர் ஒருவரே எல்லாரையும் பார்ப்பதால் காத்திருப்பு உண்டு.

அடுத்த குறை மொழி. போன புதிதில் பட்டியல், செய்யாதவை, வீட்டில் செய்ய வேண்டிய பயிற்சித்தாள் மூன்றும் மலையாளத்தில் மட்டுமே இருந்தன. அங்கே வருபவர்களில் முக்கால்வாசிப் பேர் தமிழர்கள். பயிற்சித்தாளில் 'வலி அதிகமானால் நிறுத்துக' என்ற வரியை என் வீட்டுக்காரருக்கு நான் படித்துச் சொன்னேன். படித்துச் சொல்ல ஆள் இல்லாதவர்கள்? அவரிடம் கேட்டேன். நீங்களே எழுதிக் கொடுங்கள் டீச்சர் என்றார். இரண்டு இரவு உட்கார்ந்து எழுதினேன். 'வெளிப்புறச் சுழற்சி' என்று முதலில் எழுதியதை அடித்துவிட்டு, 'முழங்கையை இடுப்போடு ஒட்டிவைத்து, கதவைத் திறப்பதுபோல் கையை வெளியே கொண்டுபோகவும்' என்று மாற்றினேன். கட்டணப் பலகையைத் தமிழில் அச்சடித்து வந்தபோது 'கட்டனம்' என்றிருந்தது. அந்தப் பெண் முகம் வாடிப்போனார். கறுப்பு மை வாங்கி வந்து நானே மூன்று சுழியாக்கினேன். இப்போது நான்கு தாள்களுக்கும் பக்கத்தில் தமிழ் இருக்கிறது.

நான் கேட்டதும் இந்தப் பெண் செய்தார். எல்லாரும் அப்படிச் செய்வார்களா? கேரளத்தின் 2018-ம் ஆண்டு மருத்துவ நிலையங்கள் சட்டம் கட்டணத்தை எல்லாரும் பார்க்கும்படி வைக்கச் சொல்கிறது. அதை எதிர்த்துத் தனியார் மருத்துவமனைகள் தொடுத்த வழக்கில் உயர் நீதிமன்றம் 2025 நவம்பரில் சட்டம் செல்லும் என்று உறுதி செய்து, கட்டணத்தை மலையாளத்திலும் ஆங்கிலத்திலும் வைக்க வேண்டும், முன்பணம் இல்லை என்பதற்காக அவசரச் சிகிச்சையை மறுக்கக் கூடாது என்றெல்லாம் சொன்னது. நல்ல தீர்ப்பு, மனதார வரவேற்கிறேன். ஆனால் சித்தூரிலும், இடுக்கி மாவட்டத்தின் தேவிகுளத்திலும் பீர்மேட்டிலும் ஒரு தோட்டத் தொழிலாளிக்கு அந்த இரண்டு மொழியும் படிக்கத் தெரியாவிட்டால் பலகை இருந்தும் இல்லாததுதான். கேரள ஆட்சிமொழிச் சட்டம், 1969, தமிழ்ச் சிறுபான்மையினர் அரசுக்குத் தமிழிலேயே எழுதலாம், பதிலும் தமிழில் பெறலாம் என்கிறது. அந்த உரிமையின்படி, எல்லைத் தாலுக்காக்களில் கட்டணம், சிகிச்சை தருபவரின் படிப்பு, பதிவு எண் ஆகியவற்றைத் தமிழிலும் வைக்க உத்தரவிட வேண்டும் என்று சுகாதாரத் துறை இயக்குநருக்கு மாசி முதல் வாரத்தில் தமிழிலேயே மனு அனுப்பியிருக்கிறேன். பெரியவர் அதை ஒரு வரி விடாமல் படித்து, 'கேட்டுக்கொள்கிறேன்' என்று நான் எழுதியிருந்ததை 'கோருகிறேன்' என்று திருத்தினார்.

சிகிச்சைக்கெல்லாம் மதிப்புரை எழுதலாமா, ஓட்டலா அது என்று என் தம்பி கேட்டான். காசு வாங்கிக்கொண்டு செய்யும் மருத்துவமும் நுகர்வோர் சட்டத்தில் ஒரு சேவைதான் என்று சுப்ரீம் கோர்ட் 1995 நவம்பரிலேயே தீர்ப்பளித்துவிட்டது. ஓட்டலில் சாம்பார் புளித்தால் எழுதுகிறோம். தோளைப் பற்றி எழுதக் கூடாதா?

போக நினைப்பவர்களுக்கு: காலை ஒன்பது முதல் ஒன்று, மாலை நான்கு முதல் ஏழரை. ஞாயிறு விடுமுறை. திங்கட்கிழமை கூட்டம் அதிகம். புதன், வியாழன் நல்லது. பெண்களுக்கு உதவ இன்னொரு பெண் செவ்வாயும் வியாழனும் மாலையில் மட்டும் வருகிறார். மருத்துவரின் சீட்டு, எடுத்த படங்கள், சாப்பிடும் மருந்துகளின் பட்டை, ஒரு துண்டு கொண்டுபோங்கள். சர்க்கரை உள்ளவர்கள் பட்டினியாகப் போகாதீர்கள். படி ஏற முடியாதவர்கள் கீழே மண்டியில் சொன்னால் போதும்; பையன் மேலே போய்ச் சொல்லுவான், அந்தப் பெண் இறங்கி வந்து எடைமேடை அறையில் வைத்துப் பார்ப்பார். பெரியவருக்கு முதல் இரண்டு வாரம் அங்கேதான், தேங்காய் மூட்டைகளுக்கு நடுவில் ஒரு பெஞ்சைப் போட்டுத்தான் சிகிச்சை நடந்தது.